சாம்பல் நிறக் கோட்டில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டு குறித்த விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவளைப் பெற்றவனும், சலவைக்கடை நடத்துகிறவனும், தற்சமயம் உங்கள் கோபத்துக்கு ஆளாகி நிற்பவனுமான நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் சென்ற வியாழக்கிழமைக்குப் பிறகு அப்படி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆகவே அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

"எழுத்துல குடுக்கச் சொல்லு. அது வர்ற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதாக மாப்பிள்ளை வந்து சொன்னார். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. என் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தவறு முழுக்க என்னுடையது. முதல் பத்தியிலேயே தவறை ஒப்புக்கொண்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா மேலே படிக்கவே மாட்டார்கள் என்று மாப்பிள்ளை... இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் இது இரண்டாம் பத்தி ஆகிவிட்டது, அதற்கும் மன்னிக்கவும்.

உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதை நீங்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம். நானும் முதலில் வேறு மாதிரிதான் நினைத்தேன். பொறுப்புள்ள தகப்பன் என்ற முறையில் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி, காதை மட்டும் சாப்பாட்டு மேசைப் பக்கம் அனுப்பி வைத்திருந்தேன். உங்கள் மகன் என் மகளிடம் பேசிய முதல் வார்த்தை, "உனக்கு இன்னும் பதினொரு உயிர்தான் மிச்சம்." அதற்கு அவள், "பரவாயில்ல, நான் எரிச்சுட்டுப் போறேன்." நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். பார்த்தால் மேசை முழுக்கக் காகிதம், பென்சில், பல முகம் வெட்டிய பகடைகள். அவர்களோடு எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். நாலாவது நாற்காலி காலி. அதில் உட்காரும் நண்பருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். "மாமா, சும்மாதானே இருக்கீங்க, ஒரு குள்ளன் காலியா இருக்கான், உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை. உட்கார்ந்தேன். அதோடு என் கதை முடிந்தது.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார், அது உங்கள் மகன். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருந்து, குகைக்குள் போய், கண்ணில் படும் பிராணிகளோடு சண்டை போட வேண்டும். யார் அடித்தார், யார் தப்பினார் என்பதைப் பகடை சொல்லும். அடி பட்டால் ஆளுக்குக் கொடுத்த உயிர்க் கணக்கில் அத்தனை எண் குறையும். என் மகள் மந்திரக்காரி. எதைப் பார்த்தாலும் தீ வைப்பாள். லிஃப்ட் மெக்கானிக் வாள் வீரர். எனக்குக் கிடைத்தவன் தாடி வைத்த குள்ளன், கையில் சம்மட்டி. என் உயரத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை.

இப்போது கவனியுங்கள், முக்கியமான இடம் வருகிறது. இந்த விளையாட்டில் அடி என்றால் வெறும் அடி கிடையாது. வெட்டு தனி, குத்து தனி, நசுக்கல் தனி. பிறகு தீ, குளிர், மின்னல், இடி, அமிலம், நஞ்சு என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு வகை அடிக்கு அதனிடம் எதிர்ப்பு இருந்தால், அந்த அடி பாதிதான் ஏறும். சில அடி அறவே ஏறாது. நெருப்பில் பிறந்த பிராணி மேல் நெருப்பை எறிந்தால் அது குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு பலவீனம் இருக்கும், அந்த வகை அடி பட்டால் இரட்டிப்பாக ஏறும். எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. காரணம் நான் கேட்ட கேள்விகள். ஏழில் பாதி மூன்று என்றார்கள். மீதி அரை எங்கே போச்சு என்று கேட்டேன். "கீழ்ப்பக்கமா முழுசாக்கணும் மாமா, அதான் விதி" என்றார் மாப்பிள்ளை. இரண்டு வழியில் எதிர்ப்பு இருந்தால் பாதியில் பாதியா என்று கேட்டேன். இல்லையாம். மழைக்கோட்டு மேல் இன்னொரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டாலும் பாதி நனைந்துதான் தீர வேண்டுமாம். "இது அநியாயம்" என்றேன். "அப்பா, பகடையை உருட்டுங்க" என்றாள் மகள்.

ஆனால் சம்பந்தியம்மா, உருட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷமாக நான் கடையில் செய்துகொண்டிருப்பது இதே விளையாட்டைத்தான்! கறை என்றால் ஒரே கறையா? எண்ணெய்க் கறை தண்ணீருக்கு அசையாது. மைக்கறை சாராயத்துக்குக் கரையும். துருக்கறைக்கு அமிலம்தான். ரத்தம், முட்டை இரண்டுக்கும் குளிர்ந்த தண்ணீர், தவறிப்போய் வெந்நீர் ஊற்றினால் அது துணியோடு வெந்து நிரந்தரக் குடியேறிவிடும். இதில் துணியின் எதிர்ப்பு வேறு தனியாக இருக்கிறது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்தையும் நேரே கறை மேல் ஊற்ற மாட்டோம். யார் கண்ணிலும் படாத உள்தையலில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். துணி சும்மா இருந்தால் மேலே போவோம், முகம் சுளித்தால் நிறுத்திக்கொள்வோம்.

அன்றைக்குக் குகையில் வந்தது ஒரு கொழகொழப் பிராணி. எலும்பு இல்லை, முகம் இல்லை, அறை அகலத்துக்குப் பரவிக்கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக் வாளால் வெட்டினார், அது இரண்டாகி இரண்டும் அவரைத் துரத்தின. மறுபடி வெட்டினார், நாலு. "வெட்டாதீங்க அண்ணா!" என்று கத்திவிட்டு என் மகள் தீயை எறிந்தாள். மேல்தோல் கெட்டியானது, சாகவில்லை. நான் எழுந்து நின்றேன். "அடியே, அது முட்டைக்கறை மாதிரி! சூடு காட்டாதே, இறுகிடும்!" என்று அலறினேன். சமையலறையிலிருந்து என் மனைவி, யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வந்தாள். பிறகு மாப்பிள்ளையிடம் பணிவாகக் கேட்டேன், "அதோட ஓரத்துல ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா?" மாப்பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தார். மூன்று வருஷமாக நடத்துகிறாராம், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். விதிப் புத்தகத்தைப் பத்து நிமிஷம் புரட்டிவிட்டு, சரி என்றார். பையில் இருந்த அமிலத்தில் ஒரு சொட்டு, ஒன்றும் ஆகவில்லை. மின்னல் குப்பியில் ஒரு பொறி, அதற்குக் கிச்சுகிச்சு மூட்டியது போல் ஆயிற்று. உறைபனிக் குப்பியில் ஒரு துளி, அந்த ஓரம் கண்ணாடி போல் வெடித்தது! மீதிக் குப்பியை மொத்தமாகக் கவிழ்த்தேன். பகடையில் இருபத்திரண்டு. இரட்டிப்பு நாற்பத்து நாலு. லிஃப்ட் மெக்கானிக் என்னைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். ஐம்பத்தெட்டு வயதில் என்னை யாரும் தூக்கிச் சுமந்ததில்லை சம்பந்தியம்மா. அந்தச் சந்தோஷம் என் தலைக்கு ஏறிவிட்டது. நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அதுதான்.

மறுநாள் முதல் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் மனதுக்குள் அட்டவணை போட ஆரம்பித்தேன். எங்கள் இஸ்திரிக்காரருக்குத் தீ பாதிதான் ஏறும், இருபது வருஷமாக இஸ்திரிப்பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுத்தான் பார்க்கிறார். ஆனால் யாராவது "இந்த மடிப்பு கொஞ்சம் கோணல்" என்று சொல்லிவிட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். என் மனைவிக்குச் சமாதானப் பேச்சு ஏறாது, சாக்குப்போக்கு ஏறாது, சொல்லாமல் போய்ப் பாத்திரம் கழுவி வைத்தால் இரட்டிப்பு. இதை நான் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாக அவளிடமே சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இருபத்தெட்டு வருஷமா?" என்று கேட்டாள். அது எனக்கு எந்த வகை அடி என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை, முழுசாக ஏறியது.

இந்த நிலைமையில்தான் நீங்கள் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். ஓட்டுநர் தேர்வு அதிகாரி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்குத் தேர்வு வைத்துப் பத்துப் பேரைத் திருப்பி அனுப்புகிறவர் என்று மாப்பிள்ளை முன்கூட்டியே சொல்லியிருந்தார். உங்கள் சாம்பல் நிறக் கோட்டைப் புகழ்ந்தேன். "பழசு" என்றீர்கள். உங்கள் மகனைப் புகழ்ந்தேன். "சோம்பேறி" என்றீர்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று ஐந்து தடவை கெஞ்சியதில் அரைக் கரண்டி போட்டுக்கொண்டீர்கள். பதற்றத்தில் நான் பீட்ரூட் சாற்றுக் குவளையை நாற்காலி முதுகில் தொங்கிய அதே கோட்டின் மேல் கவிழ்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான், என் குள்ளனுக்கு ஓர் உயிர்கூட மிஞ்சவில்லை. அப்போது என் மகள் சாதாரணமாக, "மேனேஜர் எப்படி இருக்கார் ஆன்ட்டி?" என்று கேட்டாள். நாங்கள் உங்கள் அலுவலக மேனேஜர் என்று நினைத்தோம். உங்கள் பூனை! நாற்பது நிமிஷம் பேசினீர்கள். காது கிழிந்த கதை, மருத்துவரைக் கடித்த கதை, உங்கள் தொப்பிக்குள் தவிர வேறெங்கும் தூங்க மாட்டேன் என்கிற கதை. சிரித்தீர்கள்! பீட்ரூட் வழிந்துகொண்டிருந்த கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மனதுக்குள் கூவினேன், இரட்டிப்பு!

கோட்டை நானே கடைக்கு எடுத்துப் போனேன். குளிர்ந்த நீர், கொஞ்சம் வினிகர், உள்தையலில் சோதனை, எல்லாம் முறைப்படி. கறை சுவடு தெரியாமல் போனது, அதை மட்டும் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு கல்யாண ஏற்பாடுகளைப் பேச மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். மறுபடி உளறிவிடக் கூடாதே, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாமே என்று, கடையில் கைக்குக் கிடைத்த மஞ்சள் சீட்டு ஒன்றில் குறிப்பு எழுதினேன். மறைக்காமல் அப்படியே தருகிறேன்:

சம்பந்தி அம்மா.
புகழ்ச்சி: ஏறாது.
கெஞ்சல்: பாதி.
அழுகை: ஏறாது என்று நினைக்கிறேன்.
எதிர்த்துப் பேசுதல்: வேண்டவே வேண்டாம்.
பலவீனம்: பூனை. பெயர் மேனேஜர். இடது காது கிழிந்தது. மரியாதையாக விசாரிக்கவும். இரட்டிப்பு.

இதில் உங்களைத் தாழ்த்தும் நோக்கம் கடுகளவும் கிடையாது. அந்த விளையாட்டில் எலிக்கு யாரும் இத்தனை வரி எழுதுவதில்லை. டிராகனுக்குத்தான் மிக நீளமான அட்டவணை. உங்களை டிராகன் என்று சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது வேறு. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன்.

சீட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். எங்கள் இஸ்திரிக்காரர் கடமை தவறாதவர். மேசையில் சீட்டு கிடந்தால் அது ஏதோ ஒரு துணியின் சீட்டு என்பது அவர் கொள்கை. சாதாரணச் சீட்டு வெள்ளை, அதைக் காலருக்கு உள்ளே குத்துவோம், துணி கடையை விட்டுப் போகும்போது எடுத்துவிடுவோம். மஞ்சள் சீட்டு என்றால் 'தனிக் கவனம்' என்று பொருள், எடுத்துப் போகிறவர் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று முதுகுப் பக்கம், வெளியே, காலருக்கு ஒரு சாண் கீழே குத்துவோம். அவர் சீட்டை எடுத்தார். 'சம்பந்தி அம்மா' என்று படித்தார். சம்பந்தி அம்மாவின் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு ஊசி போட்டுக் குத்தினார். புதன்கிழமை மாலை மாப்பிள்ளை வந்து உறையோடு வாங்கிக்கொண்டு போனார். வியாழன் காலை நீங்கள் அவசரமாக மாட்டிக்கொண்டு அலுவலகம் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்கள் தெரு பேக்கரிக்காரம்மா. அன்று அவருக்கும் உங்களிடம் தேர்வு, ஐந்தாவது முறை. நீங்கள் மேசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், தேர்வுக்கு வந்தவர்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் வரிசையாகக் காத்திருப்பார்கள். பன்னிரண்டு பேர். ஒரு மஞ்சள் சீட்டு. "நாங்க மொதல்ல சிரிச்சோம். அப்புறம் யாரும் சிரிக்கல, எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தோம்" என்றார். முதலில் போனவர் வண்டியில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டே, "மேனேஜருக்குக் காது ஆறிடுச்சா மேடம்?" என்று கேட்டாராம். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களாம். "உனக்கு யாரு சொன்னது?" "கேள்விப்பட்டேன் மேடம்." அவர் தேறிவிட்டார். இரண்டாமவர், "மேனேஜர் சாப்பிட்டாரா மேடம்?" மூன்றாமவர் பூனைக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு வியந்துகொண்டே பின்பக்கமாக வண்டியை நிறுத்தினாராம், எல்லைக்கு வைத்திருந்த கூம்பில் உரசாமல். மதியத்துக்குள் வரிசையே உங்கள் பூனைக்கு நலம் விசாரிக்கும் சங்கமாகிவிட்டது. ஏழு பேர் தேறினார்கள். அலுவலக வரலாற்றில் இல்லாத எண்ணிக்கையாம். மாலையில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது சீட்டைப் பார்த்தீர்கள்.

இதுவரை நான் உற்சாகமாகத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், நீங்களும் கவனித்திருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், பேக்கரிக்காரம்மா சொன்னபோது கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இஸ்திரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சீட்டு நேராதானே குத்தியிருந்தேன்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். நீங்கள் கத்தியிருப்பீர்கள், என்னைத் திட்டியிருப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டு எனக்குப் பாதிதான் ஏறும், தயாராக இருந்தேன். ஆனால் நீங்கள் சொன்னதாக அவர் சொன்னது வேறு. "என்னைக் கேலி பண்ணதுகூடப் பரவாயில்ல. அன்னிக்கு நாள் முழுக்க நான் சந்தோஷமா இருந்தேன்டா. ஜனங்க மாறிட்டாங்கன்னு நெனச்சேன். அதைத்தான் என்னால தாங்க முடியல."

அப்போதுதான் சம்பந்தியம்மா, என் சிரிப்பு நின்றது. கறையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், துணியைப் பற்றித் தெரியாமல் போயிற்று. மனிதர் மேல் ஒரு சொட்டும் சோதிக்காமல் குப்பியை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டேன். அதுவும் எதை? அன்பாக நாலு வார்த்தை விசாரிப்பதை. அதையே ஒரு ஆயுதமாகப் பேர் எழுதி, முதுகில் குத்தி, ஊருக்கு விட்டுவிட்டேன். இனி யாராவது உங்கள் பூனையைப் பற்றிக் கேட்டால், இவர் எந்தச் சீட்டைப் படித்துவிட்டு வந்தாரோ என்றுதானே உங்களுக்குத் தோன்றும். அதை நினைத்து எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஒரு வெள்ளைச் சட்டையை வெந்நீரில் போட்டுவிட்டேன், முட்டைக்கறையோடு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், நான் தப்பிப்பதற்காக அல்ல. அந்த ஏழு பேரையும் நீங்கள் திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டு மறுதேர்வு வைத்தீர்களாம். பூனைப் பேச்சு எடுத்தால் அந்த இடத்திலேயே வெளியே போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்களாம். யாரும் எடுக்கவில்லை. ஆறு பேர் மறுபடியும் தேறினார்கள். அதற்குக் காரணம் பேக்கரிக்காரம்மா சொன்னார். "நாலு தடவை நான் பெயிலானது வண்டி ஓட்டத் தெரியாம இல்லண்ணா. பக்கத்துல அந்தம்மாவைப் பார்த்தாலே பயத்துல கிளட்ச் எது பிரேக் எதுன்னு மறந்துடும். அன்னிக்கு அவங்க சிரிச்சாங்க. அப்புறம் பயமே இல்ல. மறுதேர்வுல அவங்க சிரிக்கவே இல்ல, ஆனா நான் ஒரு தடவை அவங்க சிரிச்சுப் பார்த்துட்டேனே." ஆகவே நீங்கள் தகுதியில்லாத யாரையும் தேறவிடவில்லை. ஒரே ஒருவர் சறுக்கினார், அவர் அன்று கூம்பின் மேலேயே ஏறியவராம், அது வேறு விஷயம்.

இன்னொன்று. நேற்று பேக்கரிக்காரம்மா மாவுக்கறை படிந்த ஏப்ரன்களைப் போட வந்தார். உரிமம் கைக்கு வந்துவிட்டது, எனக்குக் காட்டினார். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "அந்தப் பூனைக்குக் காது இன்னும் வலிக்குதா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நீங்கள் அந்த இடத்தில் இல்லை. அவருக்கு இனி உங்களிடம் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரியாது என்றேன். "பார்த்தா கேட்டுச் சொல்லுங்க" என்றார். இதை உங்களுக்குச் சொல்லாவிட்டால் வேறு யாருக்குச் சொல்வது?

மன்னிப்பு என்று வெறும் வாயால் கேட்டால் அது கெஞ்சல் கணக்கில் பாதியாகத்தான் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நியாயமான ஒரு வழியை யோசித்தேன். உங்கள் சீட்டை ஊர் படித்துவிட்டது, என்னுடையதை நீங்களாவது படிக்க வேண்டும். அதே மஞ்சள் காகிதத்தில், அதே முறையில், என் அட்டவணையை எழுதி இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். திட்டு பாதி, கேலி பாதி, மனைவியின் கேள்விகள் முழுசு. பலவீனம் என்ற இடத்தில், 'மகள் கல்யாணமாகிப் போகப்போகிறாளாமே என்று யாராவது கேட்டால் போதும், இரட்டிப்பு, நின்ற இடத்தில் அழுதுவிடுவேன், வீட்டில் யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். என் மனைவிக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது, தெரிந்தால் அவளும் அழுவாள். இந்த உலகத்தில் அந்தச் சீட்டு உங்கள் ஒருவர் கையில் மட்டும்தான் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி என் கடையிலிருந்து எந்தச் சீட்டும் எந்தத் துணியோடும் வெளியே போகாது என்று உறுதி கூறுகிறேன். இஸ்திரிக்காரருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருக வேண்டும், கோட்டுகள் கறையின்றி விளங்க வேண்டும், தேர்வுத் திடலில் கூம்புகள் விழாமல் நிற்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தார் அனைவரும் வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். குகையில் அடுத்த வாசலைத் திறக்காமல் காத்திருக்கிறோம் என்று சொல்லவும்.

என்றும் தங்கள் மேல் மரியாதையுள்ள,
பெண்ணைப் பெற்ற சலவைக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இணைப்பைத் தேடினேன். மேசையில் இல்லை. இஸ்திரிக்காரரைக் கேட்டேன். "மஞ்சள் சீட்டா? பேரு போடாம கெடந்துச்சே. அந்தப் பெரிய ஹோட்டல் வாசல்காரரோட சிவப்புக் கோட்டுலயும் சீட்டு இல்லாம இருந்துச்சு. சேர்த்துக் குத்திட்டேன்" என்றார். சீட்டில்லாத கோட்டு ஒன்று, கோட்டில்லாத சீட்டு ஒன்று, இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. ஆக, மேலே நான் கொடுத்த உறுதிமொழியைத் தாங்கள் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாசல்காரர் காலையிலிருந்து, போகிற வருகிற அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டியபடி கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருக்கிறார். சீட்டின் அடியில் எங்கள் கடை முகவரி அச்சாகியிருக்கிறது. இதுவரை முன்பின் தெரியாத நாலு பேர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பொண்ணு கல்யாணமாகிப் போகுதாமே?" என்று கேட்டுவிட்டார்கள். நாலு தடவையும் அழுதேன். மூன்றாம் தடவை என் மனைவி பார்த்துவிட்டாள். நாலாம் தடவை மகளே வந்துவிட்டாள். இப்போது மூன்று பேரும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறோம், நடுநடுவே சிரித்துக்கொண்டும். பக்கத்தில் யாரோ ஒருவரின் பட்டுத்துணி நனைகிறது, குளிர்ந்த தண்ணீரில் போய்விடும், பயமில்லை. கேட்டவர்கள் எல்லாம் சீட்டைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான், தெரியும். தெரிந்தும், அவர்கள் கேட்டது எனக்கு நன்றாகத்தான் இருந்தது சம்பந்தியம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நாலாவது நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டு நான் முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். மேனேஜருக்குக் காது இன்னும் வலிக்கிறதா?